தவிலையும் தாங்கோணும், தாலாட்டையும் தூக்கோணும்

"அண்ணை, எந்தப் பிரீஅம்ப் நல்லம்?" எண்டு, மைக்கில இருந்து வாற சின்னச் சிக்னலைப் பெருப்பிக்கிற பெட்டியைப் பற்றி, வாட்ஸப்பில கேக்கிற தம்பிமாருக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு, அதுதான் இதை ஒருக்கா எழுதி வைப்பம் எண்டு இருக்கிறன், இனிமேல் லிங்க்கைத் தட்டிவிட்டால் சரி. கேக்கிறவை அநேகமா யூடியூபில ஆரோ ஒரு வெள்ளைக்காரன் நீவ் 1073 எண்ட பேர்போன பழைய பிரீஅம்ப்புக்கு முன்னால இருந்து கிற்றார் அடிச்சுக் காட்டின வீடியோவைப் பாத்திட்டுத்தான் வருவினம். அந்தாள் சொல்லுறது பிழையில்ல. ஆனா அந்தாளின்ர அறைக்குள்ள தவில் வாறேல்ல.

எங்கட அறைக்குள்ள என்னென்ன வரும் எண்டு முதல் பாருங்கோ. நான் கொக்குவில் பக்கம் வீட்டோட ஒட்டின அறையிலதான் ரெக்கோர்டிங் செய்யிறன். வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனம் காசு சேர்த்து அனுப்பி ஊர்ப் பிள்ளையாருக்குப் பாட்டுப் போடுறது இஞ்ச பெரிய வேலை, முந்தி இறுவட்டு, இப்ப யூடியூப். அதுக்கு நாதஸ்வரம் தவில் வேணும், இணுவிலும் அளவெட்டியும் கூப்பிடு தூரம், யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி எண்டு தமிழ்நாட்டிலையும் பேர் எடுத்த தவில்காரர் வந்த மண்ணில கீபோர்ட்டில தவில் அடிச்சுப் போட்டு ஏமாத்தேலாது, கேக்கிற சனத்துக்கு உடன விளங்கிடும். அதே கிழமையில மருதனார்மடத்தில நுண்கலை படிக்கிற பிள்ளை ஒண்டு வந்து சத்தமே வெளிய வராத குரலில தாலாட்டுப் பாடும். பிறகு றப் பாடுற பெடியள், அவையள் மைக்கைத் தின்னுற தூரத்தில நிப்பினம். வயலின், மிருதங்கம், குறும்பட டப்பிங், கடை திறப்புவிழா விளம்பரம். எல்லாம் ஒரே அறை, ஒரே மைக் ரெண்டு மூண்டு, ஒரே பிரீஅம்ப்.

அதால எல்லாத்துக்கும் பாவிக்கக்கூடிய பிரீஅம்ப் எது எண்டு என்னைக் கேட்டால், 'வோம்'ஆன சத்தமோ 'வின்ரேச்' சத்தமோ எனக்கு ரெண்டாம் பட்சம், கீழ எவ்வளவு இறங்கும் மேல எவ்வளவு ஏறும் எண்டதைத்தான் முதல் பாப்பன். கனபேர் மேல ஏறுறதை மட்டும் பாப்பினம். எங்களுக்கு இறங்கிறதும் வேணும், சொல்லப்போனா அதுதான் கூட வேணும்.

கொஞ்சம் கணக்குப் பாப்பம், பயப்பிடாதேங்கோ, பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். ரோட் என்.டி 1-ஏ மைக்கை எடுங்கோ, யாழ்ப்பாணத்தில பாதி ஸ்ரூடியோவில அதுதான் நிக்குது. அது 94 டிபி சத்தத்துக்கு (டிபி எண்டால் டெசிபெல், 20 கூடினா வோல்ற் பத்து மடங்கு) 25 மில்லிவோல்ற் தரும். தவிலின்ர வலந்தலைக்கு, அதாவது விரலால அடிக்கிற வலப்பக்கத் தோலுக்குக் கிட்ட அதைப் பிடிச்சா, அந்த விரல் கூடு தோலில படுற நேரம் உச்சம் ஒரு 134 டிபியைத் தொடுது எண்டு வைப்பம். 40 டிபி கூட எண்டால் 100 மடங்கு. அப்ப மைக்கில இருந்து வாறது 2.5 வோல்ற். இது மைக் சிக்னலே இல்ல, மிக்சர், பிளேயர் மாதிரிச் சாமான் தாற லைன் லெவலையும் தாண்டிப் போச்சு, இதுக்குப் பெருக்கவே தேவையில்ல, குறைக்கோணும். என்.டி 1-ஏ 137 டிபி வரைக்கும் தாங்கும், அது பிரச்சினையில்ல. மைக் தாங்கினாலும் பின்னால இருக்கிறது தாங்கோணுமே. மைக்கைக் கொம்பியூட்டரோட இணைக்கிற, பிரீஅம்ப் உள்ளுக்கே இருக்கிற இன்ரஃபேஸ் பெட்டிகளில ஒண்டு ஸ்கார்லெட் 2ஐ2, அதின்ர மூண்டாம் தலைமுறையில மைக் இன்புட்டுக்கு மாக்ஸிமம் +9 டிபியு (வோல்ற்றை டிபியில சொல்லுற அளவு), அது 2.2 வோல்ற். முடிஞ்சுது கதை. கெயினை, அதாவது பெருக்கிற அளவை, பூச்சியத்தில வச்சாலும் ஒவ்வொரு பலத்த அடியிலையும் அலையின்ர தலை தட்டையாப் போகும், ஸ்கிறீனில பெருப்பிச்சுப் பாத்தால் தெரியும், பெரிய அடி எல்லாம் ஒரே உயரத்தில ஒரு கோடு கிழிச்ச மாதிரி நிக்கும், கேக்கேக்க தவில் அடிக்குப் பதிலா ஏதோ பலகையில தட்டின சத்தம். நாலாம் தலைமுறையில +16 டிபியு எண்டு கூட்டியிருக்கினம், கிட்டத்தட்ட 4.9 வோல்ற், அது தாங்கும்.

இதுக்குத்தான் 'பாட்' எண்ட சின்ன சுவிட்ச், 10 அல்லது 20 டிபி குறைச்சு விடுறது. பிரீஅம்ப்பில அது இருக்கா, இல்லாட்டி மைக்கில இருக்கா, ரெண்டிலையும் இல்லாட்டி எக்ஸ்எல்ஆர் மைக் வயருக்கு நடுவில போடுற பாட் கிடைக்குமா எண்டு பாருங்கோ. ஸ்பெசிஃபிகேஷன் தாளில 'மாக்ஸிமம் இன்புட் லெவல்' எண்ட வரி இருக்கும், வீடியோ போடுறவை ஒருத்தரும் அதை வாசிக்க மாட்டினம், நீங்கள் முதல் அதை வாசியுங்கோ.

தவிலை ஏன் அவ்வளவு கிட்டப் பிடிக்கிறது, தள்ளி வச்சா என்ன எண்டு கேப்பியள். நியாயம்தான். ஒரு நாதஸ்வர ஐயா வந்து நான் மைக் வச்ச விதத்தைப் பாத்திட்டு, "தம்பி, உதைக் கொஞ்சம் தள்ளி உசத்தி வையும், வாத்தியம் காத்தில திரண்டு வரட்டும்" எண்டவர், சொன்ன மாதிரி ஒரு மீற்றருக்கு மேல தள்ளி அணசுக்கு (கீழ விரிஞ்ச வாய்க்கு) நேர வைக்காமல் துளைப்பக்கம் பாத்து வச்சா அந்தச் சத்தம் வேற. ஆனா தள்ளி வைக்க அறை வேணும். என்ர அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, தள்ளத் தள்ளச் சுவர்தான் கேக்குது. அதால தவிலைக் கிட்டத்தான் பிடிக்கவேண்டிக் கிடக்கு.

இனி மற்றப் பக்கம். ஷூர் எஸ்எம் 7பி மைக்கில எல்லாருக்கும் ஆசை, போட்காஸ்ட் வந்தாப்பிறகு இன்னும் கூட. அது 94 டிபிக்கு 1.12 மில்லிவோல்ற்தான் தரும். தாலாட்டுப் பாடுற பிள்ளையின்ர குரல் மைக்கடியில 74 டிபி எண்டு வையுங்கோ, 20 டிபி குறைவு, பத்தில ஒண்டு, 0.112 மில்லிவோல்ற். தவிலின்ர 2.5 வோல்ற்றுக்கும் இதுக்கும் இடையில இருபதாயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம், ஒரே பெட்டி ரெண்டையும் பாக்கோணும். இந்தக் குரலை கொம்பியூட்டரில 24 பிட்டில பதியேக்க உச்ச அளவுக்கு 18 டிபி கீழ சராசரியை நிப்பாட்ட 65, 70 டிபி கெயின் வேணும். அந்த மூண்டாம் தலைமுறை 2ஐ2 56 டிபியோட நிண்டிடும், நாலாம் தலைமுறை 69 வரைக்கும் போகும். போகாததுக்கு கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரி சாமான் இருக்கு, ஃபான்டம் பவரை (மைக் வயர் வழியாப் பிரீஅம்ப் அனுப்புற 48 வோல்ற்) எடுத்து 25 டிபி போலக் கூட்டித் தரும், நல்ல சாமான்தான், ஆனா ரெண்டு சனலுக்கு ரெண்டு வாங்கிற காசைக் கூட்டிப் பாத்தால் நல்ல இன்ரஃபேஸ் ஒண்டுக்குக் கிட்டப் போயிடும்.

இரைச்சல் கதைக்கு வருவம், இதிலதான் ஆக்கள் தேவையில்லாமல் காசைக் கொட்டுறது. இஐஎன் எண்டு ஒரு இலக்கம் போடுவினம், பிரீஅம்ப் தன்ர பாட்டில எவ்வளவு இரையுது எண்டதை இன்புட்டில வச்சுக் காட்டுற கணக்கு. 150 ஓம் ரெசிஸ்டர் ஒண்டு சும்மா அறைச்சூட்டில இருந்தாலே -131 டிபியு இரையும், அது இயற்கை, அதுக்குக் கீழ ஆராலும் போகேலாது. மலிவான இன்ரஃபேஸே இப்ப -127, -128 எண்டு நிக்குது. அப்ப லட்சக்கணக்கில குடுத்து வாங்கினாலும் நீங்கள் வெல்லப்போறது மூண்டு டிபி. ஏ-வெயிட்டட் (காதுக்குக் குறைவாக் கேக்கிற சத்தத்தைக் குறைச்சு எண்ணுறது) எண்டு பக்கத்தில போட்டிருந்தால் அது ஒரு ரெண்டு டிபி நல்லாக் காட்டும், அதையும் கவனியுங்கோ. இனி எங்கட அறை. இரவு, ஃபான் நிப்பாட்டி, ஜன்னல் சாத்தி, பக்கத்து வளவு நாய் படுத்தாப் பிறகு 35 டிபி வந்தால் பெரிய விஷயம். பாட்டு 74, அறை 35, இடைவெளி 39. பிரீஅம்ப்பின்ர இரைச்சல் அதே பாட்டுக்கு 51 டிபி கீழ கிடக்கு. அறைதான் 12 டிபி மேல நிண்டு கத்துது! யாழ்தேவி ரெயில் கோண் அடிச்சுக்கொண்டு போகேக்கயோ, ஆவணியில நல்லூர்க் கோயில் பக்கமிருந்து லவுட்ஸ்பீக்கர் காத்தில வரேக்கயோ இஐஎன் பாத்து என்ன செய்யிறது. அந்த மூண்டு டிபிக்கு வைக்கிற காசில கதவுக்கு ரப்பர் அடிச்சு, தடிச்ச மெத்தை ரெண்டைச் சுவரில சாத்தினால் திருத்தம் காதுக்குத் தெரியும். ரிப்பன் மைக் (மிச்சம் சின்னச் சிக்னல் தாற வகை) வச்சிருக்கிறவை மட்டும் இந்த இலக்கத்துக்குக் கவலைப்படலாம், எங்கட ஊரில எத்தினை பேர் எண்டு விரல்விட்டு எண்ணலாம்.

அடுத்தது ஃபேஸ் சுவிட்ச். சின்னப் பொத்தான், வட்டத்துக்கு நடுவில ஒரு கோடு கீறின படம் போட்டிருக்கும், கனபேர் அதை ஒருநாளும் அமத்தினதே இல்ல. மிருதங்கத்துக்கு ரெண்டு மைக் வையுங்கோ, வலந்தலைக்கு ஒண்டு, இடப்பக்கத் தொப்பிக்கு ஒண்டு. தொப்பியில உள்ளங்கையால அடிக்கேக்க அந்தத் தோல் உள்ளுக்குப் போகும், தன்ர மைக்கை விட்டு விலகும். உள்ளுக்கு இருக்கிற காத்து அமுங்கி மற்றப் பக்கத் தோலை வெளிய தள்ளும், அது தன்ர மைக்கை நோக்கி வரும். ஒரே அடி, ஒரு மைக்கில கீழ இறங்குது, மற்றதில மேல ஏறுது. ரெண்டையும் கலந்தால் அடித்தொனி ஒண்டை ஒண்டு தின்னும், 'தொம்' எண்டு வரவேண்டிய இடத்தில 'தட்' எண்டு வரும், பிறகு ஈக்யூவைப் போட்டு பேஸைக் கூட்டிக் கூட்டிப் பாப்பினம், இல்லாத ஒண்டைக் கூட்டி என்ன வரும். அலையைத் தலைகீழாத் திருப்பிற அந்தப் பொத்தானை ஒரு சனலில அமத்துங்கோ, மிருதங்கம் எழும்பி நிக்கும். தவிலுக்கும் இதே கதைதான். கொம்பியூட்டரிலயும் பிறகு திருப்பலாம், ஓம், ஆனா வாசிக்கிறவர் ஹெட்ஃபோனில கேக்கேக்கயே சரியா வந்தால் அவர் வாசிக்கிற விதமே மாறும், நான் இதை முன்னால இருந்து பாத்திருக்கிறன், தன்ர தொப்பி கேக்காத மிருதங்ககாரர் பலத்த கையால அடிக்கத் தொடங்கிடுவார்.

லோ கட் ஃபில்டர் இருந்தால் நல்லம், 75 அல்லது 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள தாழ்ந்த சத்தத்தை வெட்டுறது. குரலுக்கு ரெயில் அதிர்வும் ஜெனரேட்டர் இரைச்சலும் இல்லாமல் போகும். மிருதங்கத்துக்கு மறந்தும் போடாதேங்கோ. இன்புட் இம்பீடன்ஸ் (மைக்குக்குப் பிரீஅம்ப் காட்டுற மின்தடை) மாத்திற சுவிட்ச் இருந்தால் விளையாட நல்லம், எஸ்எம் 58 மாதிரி டைனமிக் மைக்கில கொஞ்சம் சத்தத்தின்ர நிறம் மாறும், அவ்வளவுதான்.

கெயின் குமிழ் பற்றி ஆரும் எழுதிறேல்ல, ஏன் எண்டு விளங்குதில்ல, கை வைக்கிறது அதிலதானே. மலிவான சாமானில குமிழைத் திருப்பத் திருப்ப ஒண்டும் நடக்காது, கடைசி கால்வட்டத்தில திடீரெண்டு 20 டிபி பாயும். அந்த இடத்தில ரெண்டு சனலைச் சமப்படுத்திறது சீவன் போற வேலை. படிப்படியா 'டக் டக்' எண்டு திரும்பிற சுவிட்ச் வகை எண்டால் ரெண்டு சனலும் ஒரே லெவல், நாளைக்கு அதே பாட்டுக்குத் திருத்தம் பாட வந்தாலும் அதே இடத்தில வைக்கலாம். கோயில் பாட்டுக்குத் திருத்தம் வராமல் இருக்காது, உபயகாரர் கனடாவில இருந்து கேட்டிட்டு ரெண்டாம் சரணத்தில தன்ர தகப்பன்ர பேரைச் சேக்கச் சொல்லுவார்.

சரி, நிறம். நீவ் 1073, 1970இல வந்த சாமான், ஸ்ரூடியோவின்ர பெரிய மிக்சிங் கொன்சோலுக்குள்ள இருந்த மொடியூல், 80 டிபி வரைக்கும் கெயின், உள்ளுக்கும் வெளியிலயும் ரான்ஸ்ஃபோமர். கொஞ்சம் தள்ளிக் குடுத்தால் அடித்தொனி தடிக்கும், மேல மெல்லிசா ஒரு முறுகல் வரும், றப் பெடியளின்ர குரலுக்கு அது நல்லா ஒட்டும், அதை நான் மறுக்கேல்ல. ஏபிஐ கொம்பனிக்காரரின்ர பிரீஅம்ப் முன்னுக்குக் குதிச்சு நிக்கும், அடி வாத்தியத்துக்கு நல்லம் எண்டு பேர். ஆனா நாதஸ்வரத்துக்கு முறுகல் எதுக்கு? அது தானே சீவாளியில முறுகி வாற சத்தம், அதுக்கு மேல இன்னொரு முறுகல் போட்டால் காது குத்தும். வயலினும் அப்பிடித்தான். நாங்கள் பதியிற வாத்தியத்தில முக்கால்வாசிக்குச் சுத்தமான பிரீஅம்ப்தான் சரி, நிறம் வேணுமெண்டால் பிறகு கொம்பியூட்டரில பிளக்இன்னால பூசலாம், பூசினதைக் கழுவேலாது. 'டியூப்' (வால்வு) எண்டு முன்னால கண்ணாடி வச்சு உள்ளுக்கு லைட் எரியிற மலிவான பெட்டிகளில பலதில அந்த டியூபுக்கு வேண்டிய வோல்ரேச்சே குடுக்கிறேல்ல, அழகுக்கு வாங்கிறதெண்டால் வாங்குங்கோ.

கரண்ட் கதையைச் சொல்லாமல் இஞ்ச ஒண்டும் வாங்கேலாது. 90களில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது, 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்கேல்ல. இப்ப பரவாயில்ல, எண்டாலும் மலிவான யூபிஎஸ்ஸும் இன்வேட்டரும் தாற கரண்ட் ஒழுங்கான சைன் அலை இல்ல, அதில ஓடினால் பிரீஅம்ப் 'கொர்ர்' எண்டு கத்தும், பிரீஅம்ப்பைத் திட்டிப் பிரயோசனமில்ல. யூஎஸ்பியில ஓடுற இன்ரஃபேஸ் எண்டால் லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ, ஹம் இரைச்சல் போச்செண்டால் பிழை எர்த்தில. பழைய வீடுகளில எர்த் கம்பி கல்லுப் பூமியில காய்ஞ்சு கிடக்கும், கோடையில அதுக்குத் தண்ணி ஊத்துற ஆக்கள் இப்பவும் இருக்கினம், சிரிக்காதேங்கோ, வேலை செய்யும். ரான்ஸ்ஃபோமர் இன்புட் உள்ள பிரீஅம்ப்புக்கு இதில உண்மையிலயே ஒரு நன்மை இருக்கு, கோயில் மண்டபத்தில நீட்டுக் கேபிள் இழுத்துப் பதியேக்க ஹம்மை நல்லா வெட்டும், நிறத்தை விட அந்தக் காரணத்துக்கு நான் அதை மதிக்கிறன்.

மாமா கொண்டுவாறார், சித்தி கொண்டுவாறா எண்டு வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிறவை: லண்டன் எண்டால் 230 வோல்ற், பிரச்சினையில்ல. கனடா எண்டால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. 100 - 240 எண்டு இருந்தால் சரி. 115/230 சுவிட்ச் இருந்தால் மாத்தி, ஃபியூஸும் அதுக்கேத்த அளவில மாத்தோணும். ஒண்டும் இல்லாட்டி ஸ்டெப் டவுன் ரான்ஸ்ஃபோமர் வேணும், அதைப் பிரீஅம்ப்புக்குப் பக்கத்தில வச்சால் அதுவே ஹம் தரும். சில சின்னப் பிரீஅம்ப்புக்கு அடாப்டர் டிசி இல்ல, ஏசி, கடையில அதே வோல்ற் எண்டு டிசி அடாப்டரைத் தருவினம், செருகிப் போடாதேங்கோ. இஞ்ச கொழும்பில வாங்கிறதெண்டால் விலையில 2024 தொடக்கம் 18 வீதம் வற் வரி இருக்கு, சொன்ன விலை வற்றோடயா இல்லாமலா எண்டு கேட்டிட்டு பஸ் ஏறுங்கோ.

இன்னொரு சின்ன விஷயம், தனிப் பிரீஅம்ப் வாங்கி அதை இன்ரஃபேஸின்ர மைக் இன்புட்டில செருகிறவையைக் கண்டிருக்கிறன். லைன் இன்புட்டில செருகுங்கோ. சில இன்ரஃபேஸில லைன் இன்புட்டும் உள்ளுக்கு அதே பிரீஅம்ப் வழியாத்தான் போகுது, குறைச்சுத் திரும்பக் கூட்டுது, அப்பிடியான ஒண்டை வச்சுக்கொண்டு வெளியில விலைகூடின பிரீஅம்ப் வாங்கிறதில கருத்தே இல்ல, முதல் இன்ரஃபேஸை மாத்துங்கோ.

பேர் சொல்லு எண்டு கேப்பியள். கையில காசு குறைவெண்டால் தனிப் பிரீஅம்ப் வேண்டாம், நாலாம் தலைமுறை 2ஐ2 அல்லது ஓடியன்ட் ஐடி 14 எடுங்கோ, ஓடியன்ட் தன்ர பெரிய கொன்சோலில போட்ட பிரீஅம்ப்பையே அதுக்குள்ள போட்டிருக்கு. கச்சேரி முழுக்க ஒரேயடியாப் பதியிற ஆள் எண்டால் பெஹ்ரிங்கர் ஏடிஏ 8200, எட்டு சனல், மைடாஸ் வடிவமைச்ச பிரீஅம்ப், ஏடாட் (ஒரு கண்ணாடியிழை வயரில எட்டு சனல் அனுப்புறது) இன்புட் உள்ள இன்ரஃபேஸோட பொருந்தும், ஒரு நிறமும் இல்ல, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. காசு இருக்கு, ஒரே ஒண்டு, ஆயுளுக்கும் வச்சிருக்கோணும் எண்டால் ஃபோகஸ்ரைட் ஐஎஸ்ஏ வன். 1985இல நீவ் 1073ஐ வடிவமைச்ச ரூபர்ட் நீவ், பீட்டில்ஸின்ர தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின்ர எயார் ஸ்ரூடியோவுக்குச் செய்த ஐஎஸ்ஏ 110இன்ர வழியில வாறது, லுண்டால் ரான்ஸ்ஃபோமர், 80 டிபி வரைக்கும் கெயின், படிப்படியாத் திரும்பிற சுவிட்ச், நாலு இம்பீடன்ஸ், லோ கட், ஃபேஸ், நான் மேல புலம்பினதில முக்கால்வாசி அதில இருக்கு. ரான்ஸ்ஃபோமர் இருந்தும் சேறு பூசாத சத்தம். ஒரு குறை, ஒரு சனல்தான். மிருதங்கத்துக்கு ரெண்டு வேணும். அதால நிறமுள்ள ஒண்டை விட ஒரே மாதிரிச் சுத்தமான ரெண்டு சனல் முதல், நீவ் ஆசை மூண்டாவது சனலுக்கு எண்டு நான் சொல்லுவன், 500 சீரிஸ் எண்ட சின்னச் செருகு மொடியூல் மலிவாத் தெரிஞ்சாலும் அதுக்கு ரக்கும் பவரும் தனியா வாங்கோணும் எண்டதையும் சேத்துக் கணக்குப் பாருங்கோ.

செகண்ட்ஹாண்டில எடுக்கிறதெண்டால் கையோட ரெண்டு சாமான் கொண்டு போங்கோ. ஒண்டு மல்டிமீட்டர். ஃபான்டமைப் போட்டு எக்ஸ்எல்ஆரின்ர ஒண்டாம் பின்னுக்கும் ரெண்டாம் பின்னுக்கும் இடையில அளவுங்கோ, பிறகு ஒண்டுக்கும் மூண்டுக்கும். 44இல இருந்து 52 வோல்ற்றுக்குள்ள நிக்கோணும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கோணும். மற்றது, ரேடியோ திருத்திற கடையில சில்லறைக்கு வாங்கின 150 ஓம் ரெசிஸ்டரை ரெண்டாம் மூண்டாம் பின்னுக்கு இடையில பத்தவச்ச ஒரு எக்ஸ்எல்ஆர் தலை. ஃபான்டமை நிப்பாட்டி, அதைச் செருகி, கெயினை முழுக்கத் திறந்து ஹெட்ஃபோனில கேளுங்கோ, மைக்கும் இல்ல அறையும் இல்ல, பிரீஅம்ப் மட்டும் கதைக்கும். வெறும் 'ஸ்ஸ்' எண்டால் சரி. குமிழைத் திருப்பேக்க கரகரப்பு வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ, குமிழுக்குள்ள இருக்கிற பொட் மாத்திறது பெரிய வேலையில்ல. ஆனா 48க்குக் கிட்டவும் வராட்டி, இல்லாட்டி ஒரு சனல் மற்றதை விடக் கூட இரைஞ்சால், குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வந்திடுங்கோ.